நாற்பத்து நான்காம் பக்கம்

"அம்மா, கொஞ்சம் கோவப்படுங்களேன். ஒரே ஒரு போட்டோ."

காலை எட்டரை மணிக்குப் படகுக்கடையில் பூசணியைக் கீற்றுப் போட்டுக்கொண்டிருந்த ஒர்சோலாவிடம், கரையில் நின்ற ஒருத்தி இப்படிக் கேட்டாள். மஞ்சள் மழைச்சட்டை போட்டிருந்தாள். கையில் அந்தப் புத்தகம். நடுவில் ஒரு விரலை அடையாளத்துக்குச் செருகியிருந்தாள். எந்தப் பக்கம் என்று பார்க்காமலே ஒர்சோலாவுக்குத் தெரியும்.

"பூசணி வேணுமா?"

"இல்லீங்க. நாங்க ஓட்டல்ல தங்கியிருக்கோம்."

"அப்ப கோவமும் கிடையாது. ரெண்டையும் சேத்துத்தான் குடுக்கறது."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெனிஸில் கஸ்தெல்லோ பகுதியின் கோடியில், கால்வாய்க் கரையோரம் இருபத்தாறு வருடமாகப் படகைக் கட்டிக் காய்கறி விற்கிறவள் ஒர்சோலா பல்லாரின். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு படகும் அவளும்தான். அவள் கோபம் அந்த வட்டாரத்தில் பெயர் போனது. ஆனால் முன்பெல்லாம் அது உழைக்கிற கோபமாக இருந்தது. மொத்த வியாபாரி கூனைப்பூக் கூடையில் முற்றலைக் கலந்து வைத்தால், அவள் ஒரு குரல் கொடுத்தாலே போதும், விலை தானாக இறங்கும். தக்காளியை நசுக்கிப் பார்க்கிற விரல் சட்டைப்பைக்குள் திரும்பிப் போகும். இப்போது அதே மொத்த வியாபாரி, அவள் வாயைத் திறந்தால் பல்லைக் காட்டுகிறான். "புத்தகத்துல வந்த கோவம்தானே இது? நானும் படிச்சேன், நல்லா இருந்துச்சு" என்கிறான். அதன் பிறகு எந்த விலை இறங்கும்?

எல்லாம் ஃபுல்வியோவின் கைங்கரியம்.

ஃபுல்வியோ கஸ்பரோத்தோ பாதுவாவுக்கு அந்தப்புறம் சோளக்கொல்லைகளுக்கு நடுவே பிறந்தவன். தண்ணீர் அறியாத தரைக்காரன். பத்து வருடத்துக்கு முன்னால், கிழிந்த செருப்போடும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் படகுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஊரைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னான். அவள் சூப்பு ஊற்றிக் கொடுத்தாள். பதிலுக்கு வண்டி தள்ளினான். ஆறு வருடம், கோடைக்காலம் முழுக்க, மற்ற மாதங்களில் சனிக்கிழமை தோறும், வீடு வீடாகக் காய் கொண்டுபோகிற அவளுடைய தள்ளுவண்டியின் பின்னாலேயே போனான். எந்தச் சந்து எந்தக் கால்வாயில் முட்டி நிற்கும், எந்தக் கதவைத் தள்ளினால் மாதுளை மரம் தெரியும், எந்த ஒயின் கடையில் உள்ளூர்க்காரனுக்கு ஒரு விலை மற்றவனுக்கு ஒரு விலை என்று எல்லாம் அவள் கால் காட்டிக் கொடுத்ததுதான். பிறகு ஒரு நாள் காணாமல் போனான். திரும்பி வந்தபோது புத்தகமாக வந்தான். 'சுற்றுலாக்காரர்கள் பார்க்காத வெனிஸ்.' ஏழு மொழிகளில்.

அதில் நாற்பத்து நான்காம் பக்கம் இது: 'கயிற்றுக்காரன் முற்றம். கதவு எப்போதும் பூட்டியிருக்காது, தைரியமாகத் தள்ளுங்கள். படியில் காய்கறிக்காரி ஒர்சோலாவைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள். கோபப்படுவது போல நடிப்பாள். பயப்படாதீர்கள், தங்கமான மனசு.'

தங்கமான மனசாம். ஒர்சோலா அந்தச் சொல்லைத்தான் அதிகம் வெறுத்தாள்.

கயிற்றுக்காரன் முற்றம் அவள் குடியிருக்கிற இடம். நாலு பக்கமும் சுவர், நடுவில் ஒரு கிணற்றுத் திட்டு, மூன்று குடித்தனம். முதல் மாடியில் ஒர்சோலா. எதிர்ப்பக்கம் மோமி, நாற்பது வருடம் பயணிகள் படகில் கயிறு கட்டி ஓய்வு பெற்றவர். மேல் மாடியில் யோலாந்தா. ஓட்டல் ஒன்றில் துணி தேய்க்கிறவள். புத்தகம் வந்த பிறகு இந்த மூன்று குடித்தனமும் தங்கள் துணியைக் காயப்போட முடியாமல் தவித்தன. உள்பாவாடையைக் கூடப் படம் எடுத்தார்கள். மோமி ஜன்னலில் நின்று முகம் மழித்தால் கீழே நின்று கைதட்டினார்கள்.

அதோடு விட்டிருந்தால் ஒர்சோலா பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பாள். அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர் துரீன் நகரத்தில் இருக்கிற ஒரு வாரிசு. இந்த முற்றத்தை ஒருதரம் கூட வந்து பார்த்ததில்லை. முழுக் கட்டடத்தையும் விற்கப் போகிறார். சுற்றுலா விடுதியாகப் போகிறது. குத்தகை டிசம்பரோடு முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம். கடிதத்தின் கீழே, மேற்கொண்டு பேச வேண்டியவர் என்று ஒரு பெயர் இருந்தது. ஃபுல்வியோ கஸ்பரோத்தோ.

ஒர்சோலா அந்தக் கடிதத்தை நாலாக மடித்து, வியாபாரக் கணக்குப் போடுகிற பென்சிலோடு ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தினால் அதையும் படம் எடுப்பார்கள்.

நவம்பர் பதினைந்தாம் தேதி சாயங்காலம் அவனே வந்தான். கையில் ஒரு பொட்டலம். மார்ட்டின் திருநாளுக்குச் செய்கிற குதிரை வீரன் பிஸ்கட், மேலே கலர் கலராகச் சர்க்கரை. திருநாள் முடிந்து நாலு நாள் ஆகிறது. கடைக்காரன் பாதி விலைக்குத் தள்ளியிருப்பான் என்று ஒர்சோலாவின் கண் ஒரு நொடியில் கணக்குப் போட்டது.

"அக்கா! இன்னுமா எம்மேல கோவம்?"

"கோவமெல்லாம் உன் புத்தகத்துல போயிருச்சு. எங்கிட்ட ஏது? உக்காரு."

உட்கார்ந்தான். மெல்லிய தோலில் பழுப்புச் செருப்பு, தண்ணீரைக் கண்டாலே சுருங்கிப்போகிற வகை. ஒர்சோலா அதையும் பார்த்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை ஒருத்தர் வர்றாருக்கா. ஆஸ்திரியாக்காரர், லிண்ட்னர்னு பேரு. இந்த எடத்தை எடுக்கப்போறவரு. நல்ல மனுஷன்."

"போன தடவை ஆஸ்திரியாக்காரன் பீரங்கியோட வந்தான். இவன் எதோட வர்றான்?"

"அளவுநாடாவோட" என்று சிரித்தான் ஃபுல்வியோ. "அவருகூட, ஒரு பத்திரிகைக்குப் படம் எடுக்கற பொண்ணும் வருது. அன்னைக்கு நான் நடத்தற நடைப்பயணம் ஒண்ணு இருக்கு, அந்த ஆளுங்களையும் அப்படியே சேத்துக் கூட்டியாந்துர்றேன். நீங்க ஏப்ரன் கட்டிக்கிட்டுப் படியில நின்னு ஒரு சத்தம் போட்டாப் போதும். அந்த எடத்துக்கு உசுரே நீங்கதானக்கா."

"உசுரை எங்க அனுப்பப் போற, டிசம்பருக்கு அப்புறம்?"

"மெஸ்த்ரேல நல்ல நல்ல ஃபிளாட்டு இருக்குக்கா. தரைதானே, படகு வேண்டாம், பாலம் வேண்டாம். லிஃப்ட் வேற இருக்கு. உங்க முழங்காலுக்கு எவ்வளவு நல்லது தெரியுமா?"

முழங்காலைப் பற்றி அவன் பேசியபோதுதான் ஒர்சோலா முடிவுக்கு வந்தாள். அதுவரை அவனைக் கால்வாயில் தள்ளினால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆனால் உடனே சரி என்று சொல்லக்கூடாது. பேரம் பேசாமல் கொடுத்த சரக்கை எந்த வாங்குகிறவனும் முகர்ந்து பார்ப்பான். ஆகவே பேரம் பேசினாள். குத்தகையை ஈஸ்டர் வரைக்கும் நீட்ட வேண்டும் என்றாள். முடியவே முடியாது என்றான். எழுந்து கதவைக் காட்டினாள். ஜனவரி கடைசி என்றான். போடா என்றாள். பிப்ரவரி, அதுவும் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றான். பெருமூச்சு விட்டு, குதிரையின் தலையை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, தோற்றுப் போனவள் மாதிரி தலையாட்டினாள். ஃபுல்வியோவின் முகம் மலர்ந்துவிட்டது. கிழவியிடமே பேரத்தில் ஜெயித்துவிட்டோம் என்ற மலர்ச்சி.

"எத்தனை மணிக்கு வரட்டும்?"

"பத்தேகாலுக்கு வா. அப்பத்தான் முத்தத்துல வெயில் எறங்கும். போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

அது உண்மைதான். நவம்பரில் பத்தேகாலுக்குத்தான் அந்த முற்றத்தில் வெயில் இறங்கும்.

வாசல்வரை போனவன் திரும்பினான். "அக்கா, தண்ணி கிண்ணி ஏறாதே இங்க? நான் ஆறு வருஷத்துல பாத்ததே இல்லைன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன்."

"தண்ணி வந்தா உன் போன்ல சேதி வருமில்ல? சைரன் ஊதுமில்ல?"

"ஆமா."

"ஊதுச்சா?"

"இல்ல. இப்பத்தான் கடல்லயே கதவு போட்டுட்டாங்களே. இனிமே எங்க தண்ணி?"

"அப்புறம் எங்கிட்ட என்ன கேள்வி?"

திருப்தியாகப் போய்விட்டான். ஒர்சோலா இதில் ஒரு பொய் சொல்லவில்லை. வியாபாரத்தில் அவள் பொய் சொல்வதே கிடையாது. அழுகின பக்கத்தை அடியில் வைப்பாள், அவ்வளவுதான்.

அவன் பார்க்காததற்குக் காரணம் இருந்தது. தண்ணீர் ஏறும் நாளில் ஒர்சோலா கடை போடமாட்டாள். கடை இல்லாத நாளில் அவனுக்கு அங்கே சூப்பும் இல்லை. கடல் கதவும் உண்மைதான். ஆனால் வெள்ளம் நூற்றுப்பத்து சென்டிமீட்டரைத் தாண்டும் என்று தெரிந்தால்தான் கதவைத் தூக்குவார்கள், சைரனும் ஊதுவார்கள். அதற்குக் கீழே என்றால் ஊர் பிழைத்தது என்று கணக்கு. கயிற்றுக்காரன் முற்றம் அந்தக் கணக்கில் வராது. அதற்குத் தொண்ணூற்றைந்தே போதும். சைரன் ஊதாவிட்டால் தரை காய்ந்திருக்கும் என்று நம்புகிறவன் தரைக்காரனாகத்தான் இருக்க முடியும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மோமியையும் யோலாந்தாவையும் கூப்பிட்டாள். வெங்காயத்தோடு ஊறவைத்த மத்தி மீனும் ஒயினும் வைத்து, அலை அட்டவணையை மேசையில் விரித்தாள்.

"வியாழக்கிழமை பதினொண்ணு இருபதுக்கு நூத்தியஞ்சு" என்றாள்.

மோமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கதவைத் தூக்க மாட்டான்."

"மாட்டான். நுழைவழில பத்தரைக்கே தண்ணி நிக்கும். வெளிய போக வேற வழி கிடையாது. நிக்கட்டும் ரெண்டு மணி நேரம், அந்தச் செருப்போட. வாங்க வந்தவன் கண்ணால பாக்கட்டும்."

"நம்ம பலகையெல்லாம்?" என்றாள் யோலாந்தா. தண்ணீர் நாளில் நடப்பதற்கு முற்றத்தார் சொந்தமாக வைத்திருந்த நடைபலகைகள் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தன.

"உன் மாடிக்கு ஏத்திரு."

"எம் மாடிலயா? நான் எங்க படுக்கறது?"

"பலகை மேல படு. முதுகுக்கு நல்லது, லிஃப்ட் மாதிரி."

சிரித்தார்கள். மோமி மட்டும் சிரித்து முடித்ததும், "செவப்புத் துணியை நான் எப்பவும் போலக் கட்டிர்றேன்" என்றார்.

"கட்டுங்கண்ணே. அது என்னைக்கும் மாறக் கூடாது."

அந்தச் சிவப்புத் துணி முற்றத்தின் சட்டம். மூன்று வீட்டுக் கழிவறைகளும் முற்றத்துக் கல்லுக்கு அடியில் ஓடுகிற ஒரே பழைய செங்கல் கால்வாயில்தான் விழும். அது வெளியே பெரிய கால்வாயில் போய்ச் சேரும். வெளியே தண்ணீர் ஏறினால் போனது திரும்பி வரும், நடுமுற்றத்து வடிகால் கல்லின் நாலு ஓட்டை வழியாக. ஆகவே தண்ணீர் உள்ளே வந்ததும் மோமி ஜன்னலில் சிவப்புத் துணி கட்டுவார். துணி இறங்கும்வரை ஒருவரும் கழிவறைச் சங்கிலியை இழுக்கக்கூடாது. எத்தனை மணி நேரமானாலும் சரி. மோமியின் மாமியார் சாகக் கிடந்த நாளில் கூட யாரும் இழுக்கவில்லை. இந்தச் சட்டம் ஃபுல்வியோவின் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

வியாழக்கிழமை வெயில் நன்றாகவே இறங்கியது.

பத்தேகாலுக்கு அவர்கள் குனிந்து நுழைவழியைத் தாண்டி வந்தார்கள். வீட்டுக்கு அடியில் குடைந்த சுரங்கம் மாதிரியான வழி அது. முற்றத்தைவிட இரண்டு படி தாழ்ந்தது. முன்னால் ஃபுல்வியோ, அதே பழுப்புச் செருப்பு. பின்னால் நெட்டையாக, வெள்ளைப் புருவத்தோடு லிண்ட்னர். கழுத்தில் இரண்டு கேமராவோடு ஒரு பெண். அவர்களுக்குப் பின்னால் நடைப்பயணக்காரர்கள் எட்டுப் பேர், எட்டுப் பேர் கையிலும் புத்தகம்.

"இங்க ஒரு டூர்க் கொடி கிடையாது, ஒரு கடை கிடையாது" என்று கையை விரித்தான் ஃபுல்வியோ. "இதுதாங்க அசல் வெனிஸ். இதோ, நான் சொன்னேனில்ல, நம்ம ஒர்சோலா!"

ஒர்சோலா படியில் நின்று கைநிறையக் கொடுத்தாள். எவண்டா அவன் எங்க முத்தத்துல, போங்கடா வேலையைப் பாத்துக்கிட்டு என்று ஆரம்பித்து, இருபத்தாறு வருடத்துச் சரக்கை அவிழ்த்தாள். கேமரா கிளிக் கிளிக் என்றது. எட்டுப் பேரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். பிறகு உள்ளே வாங்க, சுவரைப் பாருங்க, கிணத்துத் திட்டுல செதுக்கியிருக்கறதைப் பாருங்க என்று அவர்களை நிறுத்தி வைத்து நேரம் கடத்தினாள். லிண்ட்னர் அளவுநாடாவை இழுத்துச் சுவரோரம் ஓடினார்.

"இவ்விடத்தில் காலை உணவு மேசைகளைப் போடலாம்" என்றார். அவர் பள்ளியில் படித்த இத்தாலியன் பேசினார். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசினார். "மேல்மாடியில் குளியல் தொட்டி. மிகவும் நன்று."

பத்தே ஐம்பதுக்கு வடிகால் கல்லின் நாலு ஓட்டையும் ஒருதரம் கொப்பளித்தன. வாய் கொப்பளிக்கிற சத்தம்தான், பெரிதாக ஒன்றுமில்லை. மோமி ஜன்னலைத் திறந்து சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு உள்ளே போனார். கண்ணாடி மாதிரி மெல்லிய தண்ணீர் கல்லின் மேல் விரிந்தது, விளிம்பில் வெயில் மின்ன.

முதலில் அதைப் பார்த்தது ஃபுல்வியோ. ஒரு காலைத் தூக்கினான். பிறகு மற்றக் காலை. பிறகு நுழைவழியைப் பார்த்தான். அங்கே தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு, பச்சையாக, சத்தமில்லாமல் நின்றது.

"அக்கா" என்றான் தாழ்ந்த குரலில். "சைரன் ஊதலையே?"

"ஊதலையே" என்றாள் ஒர்சோலா.

"பலகை எங்க?"

"எந்தப் பலகை? தண்ணியே ஏறாத எடத்துல பலகை என்னத்துக்கு?"

அவன் முகம் வெளுத்ததைப் பார்க்க அவளுக்கு நாலு வருடம் ஆகியிருந்தது. ஆசை தீரப் பார்த்தாள். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியபடி அந்தச் செருப்போடு அவன் குதிப்பதைப் பார்த்தாள். லிண்ட்னர் அளவுநாடா நனைய நின்று கீழே பார்த்தார். இப்போது திரும்புவார், இப்போது கேட்பார், ஏறாது என்று சொன்னாயே என்பார். ஒர்சோலா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

லிண்ட்னர் சிரித்தார்.

குழந்தை மாதிரிச் சிரித்தார். பூட்ஸைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், வெள்ளை வெளேரென்ற பாதத்தைத் தண்ணீரில் வைத்தார். "அற்புதம்! ஓட்டலின் உள்ளேயே கடல்! விருந்தினர்களுக்கு இதை நாம் எவ்வாறு முன்கூட்டியே அறிவிப்பது?"

கேமராப் பெண் தண்ணீரில் மண்டியிட்டே விட்டாள். சுவரும் வெயிலும் ஜன்னலும் தலைகீழாகத் தண்ணீரில் தெரிந்தன. எட்டுப் பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட மாதிரிக் கத்தினார்கள். இந்த மாதிரி யாருக்குமே கிடைச்சிருக்காது என்றாள் ஒருத்தி.

ஃபுல்வியோவுக்கு நிறம் திரும்பியது. அவனும் வியாபாரிதான், சரக்கு கைமாறுகிற நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தவன். முற்றத்தின் நடுவே, வடிகால் கல்லின் மேல் போய் நின்று கையை விரித்தான். "இதுக்குத்தாங்க பத்தேகாலுன்னு சொன்னேன்! முன்னாடியே சொல்லிட்டா சுவாரசியம் போயிரும்னுதான் மறைச்சேன். இது எந்தப் புத்தகத்துலயும் இல்லாத வெனிஸ்!"

கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே அவன் படியில் நின்ற ஒர்சோலாவைப் பார்த்துக் கண்ணடித்தான். நன்றிக்கா என்கிற மாதிரி.

ஒர்சோலா திரும்பினாள். படியேறினாள். முழங்கால் வலித்தது, ஒவ்வொரு படிக்கும் வலித்தது. வீட்டுக்குள் போய் ஜன்னலைத் திறந்தாள். எதிர் ஜன்னலில் சிவப்புத் துணி காற்றில் ஆடியது. கீழே அவளுடைய சரக்கறை, முற்றத்து மட்டத்திலேயே இருப்பது; பொருட்களைத் தண்ணீர் எட்டாத தட்டில் ஏற்றி வைத்திருந்தாள். தண்ணீர் எட்டாது. நாற்றம் எட்டும். இரண்டு நாள் சரக்கு. திருவிழாச் சனிக்கிழமைக்கு வாங்கினது. ஒரு நொடி அதையும் எண்ணிப் பார்த்தாள். பிறகு எண்ணுவதை விட்டாள்.

"மோமி அண்ணே!"

மோமி எட்டிப் பார்த்தார்.

"இழுங்க."

"என்னத்தை?"

"சங்கிலியை."

"ஏம்மா, துணி தொங்குது! தண்ணி நிக்குது!"

"தெரியுது. இழுங்க. யோலாந்தா! உனக்கும்தான்! தொட்டி நெறைய நெறைய இழுத்துக்கிட்டே இரு!"

மேல் மாடி ஜன்னல் திறந்தது. "ஒர்சோலா, நான் காலைலேர்ந்தே அடக்கிக்கிட்டு..." என்று யோலாந்தாவின் குரல் இழுத்தது.

"இனிமே அடக்காத! நாலு வருஷமா அடக்கினது போதும்!"

மோமி சிவப்புத் துணியைப் பார்த்தார். கீழே கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். ஜன்னலில் அவர் முகம் மழித்தபோது தட்டிய அதே கைதட்டு. துணியை அவிழ்த்து, ஒழுங்காக மடித்து, உள்ளே போனார்.

மூன்று வீட்டில் மூன்று சங்கிலிகள் ஒன்றாக இழுபட்டன. பழைய இரும்புத் தொட்டிகள்; இடி இறங்குகிற மாதிரிச் சத்தம். சுவருக்குள் ஓடி, கல்லுக்கு அடியில் ஓடி, வெளியே போகப் பார்த்து, போக இடமில்லாமல் எல்லாம் திரும்பியது. அன்று காலையில் துணி தொங்குவதற்கு முன் சேர்ந்ததும், எத்தனையோ வருடமாகச் செங்கல்லில் ஒட்டிக்கிடந்ததும் சேர்ந்து கிளம்பின. வடிகால் கல்லின் நாலு ஓட்டையும் ஒரு முழ உயரத்துக்குப் பொங்கின.

நடுவில் நின்றவன் ஃபுல்வியோ.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. இன்னும் கையை விரித்துக்கொண்டுதான் நின்றான். பிறகு கீழே பார்த்தான். பின்வாங்கினான், பாசிக்கல்லில் செருப்பு வழுக்கியது, உட்கார்ந்தான். இடுப்பு நனைய உட்கார்ந்தான்.

"இது என்ன?" என்று லிண்ட்னர் கேட்டார். அவர் வெள்ளைப் பாதத்தின் மேல் ஏதோ மிதந்து போயிற்று. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் குழந்தை இல்லை. "ஐயா ஃபுல்வியோ, இது என்ன?"

ஒர்சோலா தன் சங்கிலியை விட்டுவிட்டு வந்து ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"அசல் வெனிஸ் சார்! மூணு குடும்பத்தோடது. நாப்பத்தி நாலாம் பக்கத்துல அதுக்கு மட்டும் எடம் பத்தலை போலருக்கு!"

"தண்ணீர் ஏறாது என்று இவர் எனக்கு எழுதியே கொடுத்திருக்கிறார்!"

"எழுதறது அவருக்குக் கைவந்த கலை சார்!"

எட்டுப் பேரும் கிணற்றுத் திட்டின் மேல் ஏறிவிட்டார்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் எட்டுப் பேர், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு. ஒருவர் கையிலிருந்த புத்தகம் தண்ணீரில் விழுந்து, விரிந்தபடி ஃபுல்வியோவை நோக்கி மிதந்து போனது. "அக்கா! தண்ணியை நிறுத்துங்கக்கா! கயிறு போடுங்கக்கா!" என்று அவன் அலறினான். மூஞ்சி சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இத்தாலியனிலும் பிறகு சோளக்கொல்லை மொழியிலும் திட்டினான். கேமராப் பெண் மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டாள். ஆனால் தொழில் தெரிந்தவள். ஒரு கையால் கிளிக் செய்துகொண்டே இருந்தாள்.

தண்ணீர் வடிய ஒன்றரை மணி ஆனது. ஒர்சோலா அதுவரை ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒரு நாற்காலி போட்டு, மிச்சமிருந்த குதிரை வீரனை ஒயினில் நனைத்துச் சாப்பிட்டாள்.

பிறகு மூன்று நாள் அவளும் மோமியும் யோலாந்தாவும் சுண்ணாம்பும் துடைப்பமுமாக முற்றத்தைத் தேய்த்தார்கள். இரண்டு நாள் சரக்கு குப்பைப் படகில் போனது. நடுவில் சனிக்கிழமை சலூத்தே மாதா திருநாள். கையில் சுண்ணாம்பு நாற்றத்தோடு கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். செய்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அவசரமில்லை தாயே, மெதுவாகவே மன்னித்தால் போதும் என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.

லிண்ட்னர் விலகிக்கொண்டார். படம் பத்திரிகையில் வந்த பிறகு வேறு யாரும் வாங்க வரவில்லை. ஜனவரியில் துரீனிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. குத்தகை நாலு வருடத்துக்குப் புதுப்பிக்கப்படுகிறது, வடிகாலைக் குடியிருப்போரே சரிசெய்துகொள்ள வேண்டும். "சரிசெய்யறதா? அதைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்" என்றார் மோமி.

ஒர்சோலாவுக்குப் பத்தவில்லை. வீடு கிடைத்தது, சரி. அது அவளுடையதுதானே, திரும்பி வந்தது. இன்னொன்று பாக்கி இருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்குப் போடுகிற கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டாள். உதட்டுக்குச் சாயம் வைத்தாள். ஊரின் மறுகோடி கன்னரேஜியோவில் ஒரு பாலத்தடியில் ஃபுல்வியோவின் நடைப்பயணம் பத்து மணிக்குக் கிளம்பும். முன்பு இருபது பேர் நிற்பார்கள். அன்று ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேரின் போனிலும், முற்றத்தில் உட்கார்ந்து அவன் அலறுகிற அதே படம். அவனைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதும், உதட்டைக் கடித்துக்கொள்வதுமாக இருந்தார்கள். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான். வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அவன் பேச ஆரம்பித்தபோது ஒர்சோலா கூட்டத்துக்குள் புகுந்து முன்வரிசைக்கு வந்தாள். அவளைக் கண்டதும் அவன் வாய் பாதி வார்த்தையில் நின்றது. காதிலிருந்து கழுத்துவரை சிவப்பு ஏறியது.

அவள் போனை எடுத்து, எட்டப் பிடித்து, அவன் முகத்துக்கு நேராக நிறுத்தினாள்.

"வணக்கம் சார்" என்றாள் மிகவும் மரியாதையாக. "கொஞ்சம் கோவப்படுங்களேன். ஒரே ஒரு போட்டோ."